விண்மீன் நிறைப் பரவல்: சால்பீட்டரா, குரூப்பாவா, ஷாப்ரியேவா?

கார்த்திகைக் கூட்டத்தை வெறும் கண்ணால் பார்த்தால் ஆறு விண்மீன்கள் தெரியும். நல்ல இருட்டும் கூர்மையான பார்வையும் இருந்தால் இன்னும் சில கூடும். உண்மையில் அந்தக் கூட்டத்தில் இருப்பவை ஆயிரத்துக்கும் மேல். கண்ணுக்குத் தெரிகிற ஆறும் அங்கே மிச்சம் இருப்பவற்றில் மிகக் கனமானவை. மற்றவற்றில் பெரும்பாலானவை சூரியனைவிடச் சிறிய, மங்கலான செங்குறுமீன்கள். சுமார் 440 ஒளியாண்டு தொலைவில், நமக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்தக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது. பல கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கும் ஒரு கேலக்ஸியில் அதற்கு வழியே இல்லை. அங்கிருந்து வரும் ஒளியில் பெரும்பங்கு, எண்ணிக்கையில் குறைவான பிரகாசமான விண்மீன்களுடையது. நிறையில் பெரும்பங்கோ ஒளி அதிகம் தராத சிறியவற்றிடம் இருக்கிறது. ஒளியை வைத்து நிறையைச் சொல்ல வேண்டுமென்றால், எந்த நிறையில் எத்தனை விண்மீன்கள் பிறந்திருக்கும் என்று ஒரு விகிதத்தை நாமாகவே எடுத்துக்கொண்டாக வேண்டும். அந்த விகிதம்தான் தொடக்க நிறைப் பரவல்.

கேலக்ஸி ஒளியை ஆராயும் மென்பொருள் எதைத் திறந்தாலும் ஆரம்பத்திலேயே இந்தத் தேர்வு வந்து நிற்கும்: சால்பீட்டரா, குரூப்பாவா, ஷாப்ரியேவா? மூன்றும் இந்தப் பரவலின் வெவ்வேறு வடிவங்கள், கொடுத்தவர்களின் பெயரால் அழைக்கப்படுபவை. விண்மீன் கூட்டத்தைக் கணினியில் உருவாக்கிப் பார்க்கிறவருக்கும் இதே கேள்விதான். முன்பு யாரோ விட்டுவைத்த தேர்வை அப்படியே வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடுவது எளிது. ஆனால் இந்த ஒரு தேர்வே விடையை ஒன்றரை மடங்குக்கு மேல் மாற்றிவிடும் என்பதால், இதை யோசிக்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனித்தனி விண்மீன்களை உருவாக்கும் வேலை என்றால் குரூப்பா. கேலக்ஸியின் மொத்த ஒளியிலிருந்து நிறையைக் கணக்கிடுவது என்றால் ஷாப்ரியே. சால்பீட்டரை 0.1 சூரிய நிறைவரை (சூரியனின் நிறையில் பத்தில் ஒரு பங்குவரை) நீட்டிப் பயன்படுத்துவது பழைய முடிவுகளோடு ஒப்பிடுவதற்கு மட்டும் போதும். இதற்கு விலக்கான சில இடங்களும் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

சால்பீட்டரிலிருந்து தொடங்குவோம். எட்வின் சால்பீட்டர் வியன்னாவில் பிறந்து, இளம் வயதில் ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். பிற்காலம் முழுக்க அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1955இல் வெளிவந்த அந்தக் கட்டுரையை கான்பெராவில் தங்கியிருந்தபோது எழுதினார். அவர் கையில் இருந்தது சூரியனுக்கு அருகில் உள்ள விண்மீன்களின் ஒளி வாரியான எண்ணிக்கை. ஆனால் அது இன்று உயிரோடு இருப்பவற்றின் கணக்கு. சூரியன் 1000 கோடி ஆண்டு எரியும். 20 சூரிய நிறை கொண்டது சுமார் ஒரு கோடி ஆண்டில் முடிந்துவிடும். அதனால் கனமானவற்றில், பிறந்ததில் மிகச் சிறு பங்குதான் இன்று கண்ணில் படும். இறந்துபோனவற்றையும் சேர்த்து, பிறப்புக் கணக்கைத் திருப்பி எழுதியதுதான் அவருடைய பெரிய சாதனை. கிடைத்த விடை எளிமையானது: ஒரே அடுக்கு விதி (எண்ணிக்கை நிறையின் ஓர் அடுக்குக்கு ஏற்பக் குறைவது), அடுக்கு 2.35.

இந்த 2.35 என்ன சொல்கிறது என்பதை இப்படிப் பார்க்கலாம். 1 முதல் 2 சூரிய நிறைக்குள் 100 விண்மீன்கள் பிறந்தால், 2 முதல் 4க்குள் 39 பிறக்கும். 4 முதல் 8க்குள் 15, 8 முதல் 16க்குள் 6. நிறை இரட்டிப்பாகும் ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை இரண்டரை மடங்கு குறைகிறது. இந்தப் பகுதி இன்றுவரை நன்றாகவே நிற்கிறது. 70 ஆண்டுகள் ஆகியும் கனமான விண்மீன்களுக்கு எல்லோரும் 2.3, 2.35 என்றுதான் எழுதுகிறார்கள். வானியலில் இவ்வளவு காலம் அசையாமல் நின்ற எண்கள் அதிகம் இல்லை.

சிக்கல் மறுமுனையில். சால்பீட்டரின் தரவு சுமார் 0.4 சூரிய நிறையிலிருந்து 10 சூரிய நிறைவரைதான். அதே கோட்டை 0.1 வரை கீழே நீட்டியது பிறகு வந்த பழக்கம். நீட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.1 முதல் 100 வரை இந்த ஒரே விதியை வைத்தால், மொத்த நிறையில் 47 சதவீதம் அரைச் சூரிய நிறைக்கும் குறைவான விண்மீன்களில் போய் உட்காருகிறது. அதாவது, கேலக்ஸியின் நிறையில் ஏறக்குறைய பாதி, சால்பீட்டர் தரவின் ஓரத்திலோ அதற்கு வெளியிலோ இருக்கும் ஒரு பகுதியிலிருந்து வருகிறது! அந்தச் சிறியவற்றில் 0.2 சூரிய நிறை கொண்ட ஒன்று, சூரிய ஒளியில் நூறில் ஒரு பங்குகூடத் தராது. ஒளியை வைத்து அவற்றைப் பிடிக்கவும் முடியாது.

கீழே போகப் போகக் கோடு சரிவு குறைந்து தட்டையாகிறது என்பதை 1979இல் மில்லரும் ஸ்காலோவும் விரிவாகக் காட்டினார்கள். அதற்குப் பிறகு சூரியனின் அண்டையில் இருக்கும் செங்குறுமீன்களை எண்ணும் வேலை பல ஆண்டு நடந்தது. பாவெல் குரூப்பா 1993இல் டவுட், கில்மோர் ஆகியோருடன் சேர்ந்து ஒரு வடிவம் கொடுத்து, 2001இல் அதைத் திருத்தி எழுதினார். இன்று குரூப்பா என்று சொன்னால் பெரும்பாலும் அந்த 2001 வடிவத்தைத்தான் குறிக்கிறோம். அது துண்டு துண்டான அடுக்கு விதி. 0.5 சூரிய நிறைக்கு மேல் 2.3, 0.08 முதல் 0.5 வரை 1.3, அதற்குக் கீழே 0.3. நடுத்துண்டில் நிறை இரட்டிப்பானால் எண்ணிக்கை 1.2 மடங்குதான் குறைகிறது. சால்பீட்டர் கோட்டில் 2.5 மடங்கு. எவ்வளவு பெரிய வேறுபாடு!

இதன் விளைவை ஒரே அளவு வாயுவை வைத்துப் பார்ப்பதுதான் நல்லது. 1000 சூரிய நிறை அளவுள்ள ஒரு கூட்டம் பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம், எல்லை 0.1 முதல் 100 வரை. சால்பீட்டர் விதிப்படி சுமார் 2850 விண்மீன்கள் பிறக்கும், சராசரி நிறை 0.35. குரூப்பா விதிப்படி சுமார் 1570தான், சராசரி 0.64. சூப்பர்நோவாவாக வெடிக்கக்கூடிய 8 சூரிய நிறைக்கு மேற்பட்டவை முதலாவதில் 7, இரண்டாவதில் 11. கீழ்முனையில் செய்த மாற்றம் மேல்முனையின் எண்ணிக்கையை ஒன்றரை மடங்காக்கிவிடுகிறது. எவ்வளவு ஆக்சிஜனும் இரும்பும் உண்டாகும், வெடிப்புகள் சுற்றியுள்ள வாயுவை எவ்வளவு சூடாக்கும், எத்தனை நியூட்ரான் விண்மீன்களும் கருந்துளைகளும் மிஞ்சும் என்ற எல்லாமே இதைப் பொறுத்தவை. எனக்குக் கனமான விண்மீன்கள்தான் வேண்டும், கீழ்முனையைப் பற்றிக் கவலை இல்லை என்று யாராவது சொன்னால், இந்த 7ஐயும் 11ஐயும் ஒரு தடவை பார்க்கச் சொல்வேன்.

ஷில் ஷாப்ரியே 2003இல் கொடுத்த வடிவம் துண்டுகள் இல்லாத மென்மையான வளைவு. ஒரு சூரிய நிறைக்குக் கீழே மடக்கை அளவில் மணி வடிவம், அதற்கு மேல் 2.3 அடுக்கு விதி. கேலக்ஸிகளை ஆராய்கிறவர்களிடம் இன்று அதிகம் புழங்குவது இதுதான். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஷாப்ரியே அதே ஆய்வில் இரண்டு வளைவுகள் கொடுத்திருக்கிறார். தனி விண்மீன்களுக்கான வளைவின் உச்சி 0.08 சூரிய நிறை அருகே. தொகுதிகளுக்கான வளைவின் உச்சி 0.22இல். தொகுதி என்றால், இரட்டையாகவோ மும்மையாகவோ சுற்றிக்கொண்டிருப்பவற்றைப் பிரிக்காமல் ஒரே புள்ளியாக எண்ணுவது. சூரியனைப் போன்றவற்றில் ஏறக்குறைய பாதிக்குத் துணை உண்டு, செங்குறுமீன்களில் கால்வாசிக்கு. மிகக் கனமானவற்றில் துணை இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொலைநோக்கியில் ஒரு புள்ளி தெரிந்தால் அது ஒரு விண்மீன்தான் என்று சொல்லிவிட முடியாது.

அப்புறம் இதில் அடிக்கடி நடக்கும் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். கூட்டத்தை உருவாக்கும் சிமுலேஷனில் தொகுதி வளைவிலிருந்து நிறைகளை எடுத்து, பிறகு அவற்றுக்குத் துணைகளையும் தனியாகச் சேர்த்தால், முதலில் எடுத்த நிறை தொகுதி முழுவதற்கும் உரியது என்பதை மறந்துவிடுகிறோம். துணையின் நிறை இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும். இந்தக் காரணத்துக்காகத்தான் தனி விண்மீன் வேலைக்குக் குரூப்பாவைச் சொன்னேன். அது பிரித்தறிய முடியாத துணைகளையும் கணக்கில் கொண்டு, தனி விண்மீன்களுக்கென்று எழுதப்பட்டது. துண்டு துண்டான அடுக்கு விதியிலிருந்து சீரற்ற எண்களை எடுப்பதும் மிக எளிது, நான்கு வரி நிரல் போதும்.

கேலக்ஸி நிறைக்கு குரூப்பாவா ஷாப்ரியேவா என்று நீண்ட நேரம் யோசிப்பது வீண். இரண்டுக்கும் இடையே மொத்த நிறையில் 8 சதவீத அளவுதான் வித்தியாசம். குரூப்பாவே தன் நடுத்துண்டின் அடுக்கை 1.3 என்று சொல்லி, கூட்டல் கழித்தல் 0.5 என்று பிழை எல்லையும் கொடுத்திருக்கிறார். அந்தப் பிழை எல்லைக்குள் ஷாப்ரியேவும் அடங்கிவிடுகிறார். ஷாப்ரியேவை நான் சொல்வதற்குக் காரணம் நடைமுறை சார்ந்தது. அண்மைக் கால ஆய்வுகளில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. ஒப்பிடும்போது மாற்றிக் கணக்கிடும் வேலை மிச்சம்.

மாற்றிக் கணக்கிட வேண்டிய இடங்களில் கவனம் தேவை. ஒரே ஒளியிலிருந்து சால்பீட்டர் 10,000 கோடி சூரிய நிறை என்று சொன்னால், குரூப்பா 6600 கோடி என்பார், ஷாப்ரியே 6100 கோடி என்பார். விண்மீன்கள் பிறக்கும் வேகத்துக்கு விகிதம் கொஞ்சம் வேறு: சால்பீட்டரில் ஆண்டுக்கு 10 சூரிய நிறை என்றால் குரூப்பாவில் 6.7, ஷாப்ரியேவில் 6.3. மாடாவும் டிக்கின்சனும் 2014இல் எழுதிய, பிரபஞ்சத்தில் விண்மீன் பிறப்பின் வரலாற்றைப் பற்றிய பெரிய மதிப்பாய்வில் இந்த எண்கள் இருக்கின்றன. அவர்களே தங்கள் கணக்கை சால்பீட்டரில்தான் வைத்துக்கொண்டார்கள். ஆகவே அந்த வளைவின் மேல் உங்கள் ஷாப்ரியே புள்ளிகளை அப்படியே வைத்தால், உங்கள் கேலக்ஸிகள் எல்லாம் சோம்பலாக இருப்பது போலத் தோன்றும்.

இனி விலக்குகள். இதுதான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இங்கே இன்னும் சண்டை ஓயவில்லை.

பெரிய நீள்வட்ட கேலக்ஸிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் பீட்டர் வான் டொக்கமும் சார்லி கான்ராயும் அவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, சோடியத்தின் கோடுகளும் இரும்பு ஹைட்ரைடின் பட்டையும் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருப்பதைக் காட்டினார்கள். இந்தக் கோடுகள் செங்குறுமீன்களில் வலுவாகவும், அதே நிறத்தில் தெரியும் செம்பெருமீன்களில் மெலிவாகவும் இருக்கும். அப்படியானால் அங்கே சிறிய விண்மீன்கள் மிக அதிகம், சால்பீட்டரையும் தாண்டி, அடுக்கு 3ஐ ஒட்டி. 2012இல் மிக்கேலே கப்பெல்லாரியின் குழு முற்றிலும் வேறு வழியில், 260 கேலக்ஸிகளில் விண்மீன்கள் ஓடும் வேகத்தை அளந்து, கேலக்ஸிக்குக் கேலக்ஸி பரவல் மாறுகிறது என்ற முடிவுக்கு வந்தது. இரண்டு வெவ்வேறு முறைகள் ஒரே திசையைக் காட்டியது பெரிய செய்தி.

ஆனால் 2013இல் ரஸ்ஸல் ஸ்மித்தும் ஜான் லூசியும் இஎஸ்ஓ 325-ஜி004 என்ற பெரிய நீள்வட்ட கேலக்ஸியை எடுத்தார்கள். அது தனக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு கேலக்ஸியின் ஒளியை வளைக்கும் ஈர்ப்பு வில்லை (லென்ஸ்). வளைவின் அளவிலிருந்து நிறை நேரடியாகக் கிடைக்கும், கோடுகளை ஆராய வேண்டியதில்லை. அங்கே கிடைத்த நிறை குரூப்பாவோடு ஒத்துப்போனது. கூடுதல் செங்குறுமீன்களுக்கு அங்கே இடமே இல்லை.

சரி, இந்த நிலையில் நீள்வட்ட கேலக்ஸியை ஆராய்கிறவர் எதை எடுப்பது? என் யோசனை: முதன்மைக் கணக்கு ஷாப்ரியேவில் இருக்கட்டும், கூடவே சால்பீட்டரில் ஒரு தடவை ஓட்டி, இரண்டு எண்களையும் கொடுங்கள். குறிப்பாகக் கேலக்ஸியின் நடுப்பகுதியை ஆராய்கிறவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. சால்பீட்டர் இங்கே வெறும் பழைய வழக்கமாக இல்லாமல், சிறியவை மிகுந்த பரவலின் ஒரு மிதமான மாதிரியாக நிஜமாகவே பயன்படுகிறது.

எதிர்த் திசையிலும் சான்று இருக்கிறது. நம் அண்டைக் குட்டி கேலக்ஸியான பெரிய மெகல்லனிய மேகத்தில், விண்மீன்கள் பிறக்கும் டாரன்டுலா நெபுலாவில், 2018இல் ஃபேபியன் ஷ்னைடர் குழுவினர் 15 சூரிய நிறைக்கு மேற்பட்ட விண்மீன்களை ஆராய்ந்து, அடுக்கு 1.90 என்று கண்டார்கள். நிறை இரட்டிப்பானால் எண்ணிக்கை 2.5 மடங்கு குறைய வேண்டிய இடத்தில் 1.9 மடங்குதான் குறைகிறது. நம் பால்வீதியின் மையத்தில் கருந்துளையைச் சுற்றிவரும் இளம் விண்மீன்களிலும் கனமானவற்றின் பங்கு அதிகம் என்று அளந்திருக்கிறார்கள். அடர்த்தியும் வெப்பமும் மிகுந்த இடங்களில், அல்லது கனமான தனிமங்கள் குறைந்த இடங்களில், பரவல் மேல்முனை பக்கம் சாய்கிறது என்பது நம்பத்தகுந்த எண்ணம்தான்.

இருந்தாலும், கனமானவை மிகுந்த பரவலை முதல் தேர்வாக எடுப்பதை நான் வலுவாக எதிர்க்கிறேன். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்த பிறகு, மிகத் தொலைவில் எதிர்பாராத அளவு பிரகாசமான கேலக்ஸிகள் தெரிகின்றன. ஒரே நிறையில் அதிக ஒளி வேண்டுமென்றால் பரவலை மேல்முனைக்குச் சாய்த்தால் போதும், சிக்கல் தீர்ந்துபோகும். ஆனால் தூசு குறைவாக இருந்தாலும், விண்மீன்கள் விட்டுவிட்டு வேகமாகப் பிறந்தாலும் அதே பிரகாசம் கிடைக்கும். எந்தக் கேலக்ஸியிலும் நேரில் எண்ணிப் பார்க்க முடியாத ஓர் எண்ணை, விடை பொருந்துவதற்காகத் திருகுவது ஆபத்தானது. முதலில் வழக்கமான பரவலில் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று காட்ட வேண்டும். அது போதவில்லை என்று தெரிந்த பிறகு சாய்த்துப் பார்க்கலாம். கனமான தனிமங்களே இல்லாத வாயுவில் பிறந்த முதல் தலைமுறை விண்மீன்கள் மட்டும் தனி. அங்கே வாயு குளிர்வதே வேறு விதம் என்பதால் குரூப்பாவை எடுக்கக் காரணமே இல்லை.

பழுப்புக் குறுமீன்கள் பற்றிக் கொஞ்சம். 0.08 சூரிய நிறைக்குக் கீழே ஹைட்ரஜன் நிலையாக எரியாது என்பதை 1960களின் தொடக்கத்திலேயே சிவ் குமார் கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். ஆனால் 1995இல்தான் அப்படி ஒன்று உறுதியாகக் கிடைத்தது, அதுவும் கார்த்திகைக் கூட்டத்தில்: டெய்டே 1. குரூப்பாவின் 2001 விதியை 0.01 வரை கீழே நீட்டினால், என் கணக்கில் 10 விண்மீன்களுக்கு 6 பழுப்புக் குறுமீன்கள் வருகின்றன. சூரியனைச் சுற்றி 65 ஒளியாண்டுக்குள் இருப்பவற்றை எண்ணி 2024இல் வெளியான கணக்கெடுப்பு, நான்கு விண்மீன்களுக்கு ஒன்று என்கிறது. எனவே அந்தக் கீழ்த்துண்டை அப்படியே நம்ப வேண்டாம். மொத்த நிறையில் அதன் பங்கு 4 சதவீதம்தான் என்பதால் கேலக்ஸி நிறைக்கு இது பொருட்டில்லை. பழுப்புக் குறுமீன்களையே எண்ணுகிறவர் இந்த மூன்றில் எதையும் எடுக்காமல், அந்தக் கணக்கெடுப்பு தரும் அடுக்குகளை எடுப்பது நல்லது.

சிறிய கூட்டங்களில் எந்தப் பரவல் என்பதைவிட, அதிலிருந்து எப்படி எடுக்கிறோம் என்பதே முக்கியம். 100 சூரிய நிறை கொண்ட கூட்டத்தில், குரூப்பா விதிப்படி 8 சூரிய நிறைக்கு மேல் சராசரியாக 1.1 விண்மீன் இருக்கும். 1.1 என்று ஒரு விண்மீன் பிறக்காது. சில கூட்டங்களில் இரண்டு இருக்கும், சிலவற்றில் ஒன்று, மூன்றில் ஒரு பங்கு கூட்டங்களில் ஒன்றுமே இருக்காது. ஒன்று இருந்தாலும் அது தன் கதிர்வீச்சால் சுற்றியிருக்கும் வாயுவை விரட்டிவிடும். ஒன்றுமே இல்லாத கூட்டம் முற்றிலும் வேறு விதமாக வளரும். ஆகவே சராசரியை எடுத்து ஒரே ஒரு கூட்டத்தை ஓட்டினால் அந்த விடைக்குப் பொருள் இல்லை. சீரற்ற எண்ணை மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கில் ஓட்ட வேண்டும். இதில் குரூப்பாவுக்கே வேறு கருத்து உண்டு. வைட்னருடன் சேர்ந்து அவர் சொல்வது, கூட்டத்தின் நிறைதான் அதில் பிறக்கக்கூடிய மிகக் கனமான விண்மீனைத் தீர்மானிக்கிறது, வெறும் தற்செயல் அல்ல என்று. சிறிய கூட்டங்கள் மிகுந்த குட்டி கேலக்ஸிகளில் இந்த இரண்டு கருத்துகளும் வெவ்வேறு விடை தரும். மற்ற இடங்களில் சீரற்ற முறையே எளிது.

மேல் எல்லையைக் கடைசியாகத் தீர்மானிக்கலாம். 100ஐ 150 ஆக்கினால் குரூப்பா விதியில் மொத்த நிறை 2 சதவீதம்தான் கூடும். நிறை மட்டும் வேண்டுமென்றால் எதை வைத்தாலும் சரி. ஆனால் அந்த ஒருசில மிகக் கனமான விண்மீன்கள்தான் வாயுவை அயனியாக்கும் புற ஊதா ஒளியில் தங்கள் எண்ணிக்கைக்குச் சம்பந்தமே இல்லாத அளவு பங்கு தருகின்றன. 2005இல் டொனால்ட் ஃபைகர், பால்வீதி மையத்துக்கு அருகில் உள்ள ஆர்ச்சஸ் கூட்டத்தைப் பார்த்து 150தான் எல்லை என்றார். 2010இல் பால் க்ரௌதர் குழு, டாரன்டுலாவின் நடுவில் உள்ள ஆர்136ஏ1க்கு 265 சூரிய நிறை என்று சொன்னது. பிறகு வந்த அளவீடுகளில் பல அதைக் குறைத்தாலும் 150க்கு மேலேயே வைத்திருக்கின்றன. இளம் கூட்டங்களின் புற ஊதா ஒளியைக் கணக்கிடுகிறவர் 100இல் ஒரு தடவையும் 300இல் ஒரு தடவையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. பரவலின் பெயரோடு கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் சேர்த்து எழுதிவைத்தால், அந்த எண்ணைப் பிறகு எடுத்துப் பயன்படுத்துகிறவருக்கு உதவியாக இருக்கும்.